காதல் காமிக்ஸை எடுத்தால் ஏன் கீழே வைக்க முடிவதில்லை?

மழைக்கால வாசகி கேட்டது:

இளம்பெண்களுக்கான ஜப்பானிய காமிக்ஸான ஷோஜோ மாங்காவையும், போனில் மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கிற கொரிய ரொமான்ஸ் வெப்டூனையும் ரசிகர் குழுக்கள் மொழிபெயர்த்துப் போடுகிற ஸ்கேன்லேஷனில் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ‘ஒரு சாப்டர்னு எடுத்தேன், விடிஞ்சிருச்சு.’ தடித் தடி நாவலையே பாதியில் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இதில் மட்டும் மாட்டிக்கொள்கிறார்கள். கதை புதுசா என்றால் அதுவும் கிடையாது. ஒப்பந்தக் கல்யாணம், சிரிக்கவே தெரியாத வடக்குச் சீமைப் பிரபு, மறுபிறவியில் வில்லியாகக் கண் விழிக்கிற நாயகி. சட்டகம் மாறுவதே இல்லை. முடிவும் முதல் சாப்டரிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் எதுதான் இழுக்கிறது? வரைகிற விதமா, வெளியிடுகிற விதமா, ரசிகர் குழுவா? ‘எல்லாம் டோபமைன்’ என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடாமல் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தூக்கத்தைப் பறிகொடுக்காமல் படிக்க உருப்படியான வழி இருந்தால் அதையும் சேர்த்து.


கட்டம் கட்டுபவர் பதில்:

முடிவு தெரிந்திருப்பதுதான் தூண்டில். ஷோஜோவில் நாயகியின் மனக்குரல் பேச்சு பலூனுக்கு வெளியே, படத்தின் மேலேயே மிதக்கும். 1970களில் மோத்தோ ஹாகியோ, கெய்க்கோ தாகெமியா போன்றவர்கள் கட்டங்களின் எல்லையை உடைத்து இந்தப் பாணியை வளர்த்தார்கள். இன்றைக்கும் அதுதான் இலக்கணம். அவள் நினைப்பது முழுக்க நமக்குக் கேட்கிறது. அவன் நினைப்பது கேட்பதில்லை. ஆனால் அவன் காது மடல் சிவந்ததை ஓர் ஓரத்துக் குட்டிக் கட்டத்தில் நமக்கு மட்டும் காட்டிவிடுவார்கள். அவள் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். ஆக, இரண்டு பேர் மனசும் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ‘சேருவார்களா’ என்பது இங்கே கேள்வியே இல்லை. ‘எனக்குத் தெரிந்தது இந்தப் பெண்ணுக்கு எப்போது தெரியும்’ என்பதுதான் கேள்வி. துப்பறியும் கதையில் விடை தெரிந்தால் ஆர்வம் வடிந்துவிடும். இதில் விடை தெரிந்திருப்பதால்தான் நமநமவென்று அரிக்கிறது.

அந்த அரிப்பை நீட்டுவது கட்ட அமைப்பு. ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம். விரித்துவைத்தால் இடப் பக்கத்தின் அடியில் இடது ஓரக் கட்டம்தான் தாளைப் புரட்டுவதற்கு முன் கண்ணில் படுகிற கடைசிக் கட்டம். அங்கே அவன் வாயைத் திறப்பான். என்ன சொன்னான் என்பது தாளுக்குப் பின்னால் இருக்கும்.

வெப்டூனில் தாள் கிடையாது, அதனால் வெற்றிடம் அந்த வேலையைச் செய்கிறது. வெப்டூன் தளத்தில் யார் வேண்டுமானாலும் கதை ஏற்றுகிற கேன்வாஸ் பகுதிக்குப் படம் 800 பிக்சல் அகலம், துண்டுக்கு 1280 பிக்சல் உயரம். 20:9 போனில் 800 அகலப் படம் விளிம்புவரை நிறைந்தால் ஒரு திரை கிட்டத்தட்ட 1,780 பிக்சல் உயரம் வரும். சாதாரணப் பேச்சில் கட்டங்களுக்கு நடுவே 200, 300 பிக்சல் விடுவார்கள். அவன் திரும்பிப் பார்க்கப் போகிற இடத்தில் மட்டும் 1,800 விட்டால் என்ன ஆகும்? திரை முழுக்க வெள்ளை. பார்க்க எதுவும் இல்லாத திரையில் விரல் சும்மா இருக்காது, தள்ளிவிடும். அடுத்த சாப்டருக்குப் போகிற பொத்தானும் அதே தள்ளலின் நீட்சியில்தான் வந்து நிற்கிறது.

எங்கே கெடுகிறது என்றால், மாங்காவையும் இதே நீள்சுருளில் போட்டுப் படிக்கும்போது. புரட்டுவதற்காகக் காத்துவைத்த கட்டம் பாதித் திரையில் முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிடும். இரட்டைப் பக்கப் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். மாங்காவைப் பக்கம் பக்கமாகவே படியுங்கள்.


இடைவெளி பதில்:

மேலே சொன்னது ஒரு சாப்டருக்குள் நடப்பது. ஆனால் அச்சுப் புத்தகத்திலும் இதே கட்டங்கள்தானே? ஐந்தாம் தொகுதியை முடித்துவிட்டு ஆறாவது கடைக்கு வரும்வரை அலட்டிக்கொள்ளாமல் இருக்கிற வாசகர்கள் எத்தனையோ பேர். நாள் முழுக்கப் போனைத் தடவிப் பார்க்க வைப்பது வெளியீட்டு முறை.

மூல வெளியீட்டுக்கு நாள் உண்டு. ஷோஜோ இதழ்களில் பெஸ்ஸாட்சு மார்கரெட் மாதம்தோறும் 13ஆம் தேதி. ஹானா டு யுமே 5, 20. கொரியாவில் காக்காவோ பேஜ் தளம் 2014இல் கொண்டுவந்த ‘காத்திருந்தால் இலவசம்’ முறையிலும் கடிகாரம் கண்ணெதிரில் ஓடும்: இத்தனை மணி நேரம் பொறுத்தால் ஒரு எபிசோட், பொறுக்காவிட்டால் காசு. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘தொடரும்’ போட்டால் எந்தக் கிழமை என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததே, அந்த மாதிரி.

ஸ்கேன்லேஷனில் நாள் கிடையாது. மூலம் கையில் கிடைக்க வேண்டும், மொழிபெயர்ப்பவருக்குப் பரீட்சை இருக்கக்கூடாது, படத்திலிருந்து மூல எழுத்தை அழித்துத் தருகிற கிளீனரின் கம்ப்யூட்டர் படுக்கக்கூடாது. மூன்று நாளில் வரலாம், மூன்று வாரம் ஆகலாம், விடுமுறையில் பத்து சாப்டர் மொத்தமாகவும் கொட்டலாம். இதைப் பலரும் சூதாட்ட இயந்திரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அது சரியில்லை. சூதாட்ட இயந்திரத்தில் அதிகம் இழுத்தால் பரிசு வாய்ப்பும் கூடும். இங்கே நூறு முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் சாப்டர் ஒரு நிமிடம்கூட முன்னதாக வராது. பரிசு காலத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல, காலமும் நிலையில்லாதது. 1957இல் உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் வகைப்படுத்திய பரிசு அட்டவணைகளில் இது மாறும் இடைவெளி வகை. இந்த வகையில் கொத்தித் தீனி பெறப் பழகிய புறா வெறிபிடித்துக் கொத்தாது. நிதானமாக, சீராக, விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ஸ்கேன்லேஷன் வாசகரின் கட்டைவிரல் செய்வது அச்சு அசல் அதுதான்.

இன்னொன்று. இந்த இடத்தில் எல்லாரும் உளவியலாளர் ஸைகார்னிக் பெயரை இழுப்பார்கள், பாதியில் விட்ட வேலை மனதில் நன்றாகப் பதியும் என்று. நினைவு பற்றிய அந்த முடிவு பிந்தைய ஆய்வுகளில் உறுதியாக நிற்கவில்லை. அவரைப் போலவே பெர்லினில் கர்ட் லெவினிடம் படித்த மரியா ஓவ்சியான்கினா 1928இல் காட்டியதுதான் இங்கே பொருந்தும்: பாதியில் நிறுத்தப்பட்ட வேலைக்கு மனிதர்கள் தாமாகத் திரும்பிப் போவார்கள், யாரும் சொல்லாவிட்டாலும். சாப்டரின் கடைசிக் கட்டம் ஒரு வாக்கியத்தின் நடுவில் அறுபடுவது இதற்குத்தான்.


டைப்செட் பூனை பதில்:

ரசிகர் குழு பக்கம் யாருமே வரலையே, நான் வர்றேன் சகோ.

வெளியிலிருந்து பார்த்தா இது மொழிபெயர்ப்பு. உள்ளே பார்த்தா முக்கால்வாசி வேலை அழிக்கிறதும் வரையிறதும்தான். புத்தகத்தோட முதுகுப் பசையைச் சூடு காட்டி இளக்கித் தாள் தாளாப் பிரிச்சு, 600 டிபிஐயில கிரேஸ்கேலா ஸ்கேன் எடுப்பாங்க. மாதப் பத்திரிகைன்னா தாள் சொரசொரப்பு, அதுலயும் சாயத்தாள், சில பக்கம் பிங்க் மையில் அச்சடிச்சிருக்கும். போட்டோஷாப்போட லெவல்ஸ்ல கறுப்பைக் கறுப்பாக்கி, சாம்பல் பூத்த பின்னணியை வெள்ளையாக்கணும். ரொம்ப இழுத்தா கன்னத்துச் சிவப்புக்குப் போட்ட ஸ்கிரீன்டோன்ங்கிற மெல்லிய நிழல் புள்ளி காணாமப் போயிடும். ரொமான்ஸ்ல அது போனா அந்தப் பக்கமே போச்சு! சாய்வை நேராக்குறதை முழு அளவுல இருக்கும்போதே முடிக்கணும், அப்புறம்தான் 1,600-2,000 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கணும். சுருக்குறதுக்கு முன்னாடி காஸியன் பிளர் கொடுத்து லேசா மங்கலாக்கலைன்னா டோன் புள்ளியெல்லாம் மொய்ரேன்னு சொல்ற அலை அலையான கோடா மாறிடும்.

முதல் பதில்ல சொன்ன மனக்குரல் இருக்கே, கிளீனருக்கு அதுதான் எமன். பலூனுக்குள்ள எழுத்துன்னா வெள்ளையடிச்சா முடிஞ்சது. மனக்குரல் பூ மேலயும் தலைமுடி மேலயும் டோன் மேலயும் இருக்கும். எழுத்தை எடுத்தா அடியில என்ன இருந்ததுன்னு நாமதான் வரையணும். ஒரு பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் சாதாரணமா ஓடும்.

இதுக்கும் அடிமையாகுறதுக்கும் என்ன சம்பந்தம்? கடைசிப் பக்கத்தைப் பாருங்க. கிரெடிட்ஸ் பேஜ்ல ‘கிளீனர் தேவை, அனுபவம் வேண்டாம், கத்துத் தர்றோம், டிஸ்கார்டுக்கு வாங்க’ன்னு போட்டிருப்பாங்க. அடுத்த சாப்டருக்கு ஏங்குற ஆள் கண்ணுல அது சரியா அந்த நேரத்துல படுது. உள்ளே போனா மூலம் முன்னாடியே பார்க்கலாம், வரிக்கு வரி சண்டை போடலாம். படிச்சிட்டு எழுந்து போற பொருளா இருந்தது ஒரு கூட்டமா மாறிடுது. அதை விட்டு வர்றதுதான் கஷ்டம், கதையை விடுறது இல்ல.

பழைய ஷோஜோ தொகுதிகள்ல பக்கத்தோட கால் பங்கு ஒரு பத்தியா ஒதுங்கி நிற்கும். பத்திரிகையில விளம்பரம் இருந்த இடம் அது. புத்தகமா வரும்போது ஆசிரியை அங்கே தன் பூனை, டெட்லைன், பல்வலின்னு அரட்டை எழுதுவாங்க. நல்ல குழு அதையும் விடாம மொழிபெயர்க்கும். கதை எழுதினவங்க தோழி மாதிரி ஆகிடுறாங்க. ஆய்வாளர்கள் ஹார்ட்டனும் வோலும் 1956ல டிவியை வெச்சுச் சொன்ன ஒருதலை நெருக்கம் இதுதான்.

அப்புறம் ஒரு கொசுறு: தமிழ்ல செய்து பார்க்குறவங்களுக்கு. ஜப்பானியப் பலூன் ஒல்லியா உயரமா இருக்கும், ஏன்னா எழுத்து மேலேருந்து கீழே ஓடுது. அதுல ‘சொல்லிக்கொண்டிருந்தேன்’ உட்காரவே உட்காராது. ‘சொன்னேனே’ன்னு மாத்துங்க, எழுத்தைச் சின்னதாக்காதீங்க. பழைய போட்டோஷாப்னா தெற்காசிய எழுத்து எஞ்சினை ஆன் பண்ணாட்டி கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.


கடுங்காப்பி பதில்:

கொஞ்சம் நிறுத்துங்கள். ஒருவர் புறாவைக் கொண்டுவருகிறார், இன்னொருவர் தூண்டில் என்கிறார். விடிய விடிய கிரிக்கெட் பார்ப்பவரை யாரும் இப்படி உட்காரவைத்து ஆராய்வதில்லை. பெண்கள் எழுதி, பெண்கள் வரைந்து, பெரும்பாலும் பெண்கள் படிக்கிற ஒன்று என்றால் மட்டும் அது உடனே நோயாகிவிடுகிறது.

ஜானிஸ் ராட்வே அமெரிக்க ரொமான்ஸ் நாவல் வாசகிகளிடம் பேசி 1984இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அந்தப் பெண்களுக்குப் படிக்கும் நேரம் என்பது கணவனும் பிள்ளைகளும் கை நீட்ட முடியாத தங்கள் சொந்த நேரம். சிலர் வாங்குவதற்கு முன்பே கடைசிப் பக்கத்தைப் படித்து, நல்ல முடிவுதானா என்று உறுதிசெய்துகொள்வார்கள். முடிவு உறுதியாக இருப்பதால்தான் நடுவில் வரும் துன்பத்தைத் தைரியமாக அனுபவிக்க முடிகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல்தான் ஒருத்திக்கு அந்த நேரம் கிடைக்கிறது என்றால், தூக்கம் கெடுவதற்குக் காரணம் வெப்டூன் மட்டும்தானா?


இடைவெளி பதில்:

ஒப்புக்கொள்கிறேன், ‘அடிமை’ என்ற சொல்லை நான் எழுதவுமில்லை. ஆனால் தனக்கென்று கிடைத்த இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் ‘வந்துவிட்டதா’ என்று பார்ப்பதிலேயே போனால் அது வாசிப்பு இல்லையே. புறா உதாரணம் படிப்பதற்கு அல்ல, தேடிக்கொண்டே இருப்பதற்கு.


நாலாம் பக்கம் பதில்:

ஒரு சின்ன விஷயம், யாரும் தொடாதது. காத்திருக்க முடியாதவர்கள் இயந்திர மொழிபெயர்ப்பில் ஓடுகிற தளங்களுக்குப் போய்விடுகிறார்கள். ரொமான்ஸுக்கு அது விஷம். தமிழில் எழுவாயை விட்டாலும் ‘வந்தான், வந்தாள்’ என்று வினையின் வாலிலேயே ஆள் தெரிந்துவிடும். ஜப்பானியத்திலும் கொரியத்திலும் எழுவாயையும் விடுவார்கள், வினையும் ஆணா பெண்ணா, நானா அவளா என்று காட்டாது. இயந்திரம் குத்துமதிப்பாக ஒன்றைப் போடும். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்பது ‘அவளுக்குப் பிடித்திருக்கிறது’ ஆகும். யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பதே தலைகீழாகும். குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்துக் கூப்பிட்டவன் முதல்முறை அவள் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவதற்கு இருபது சாப்டர் காத்திருந்திருப்போம். இயந்திரம் அதை முதல் பக்கத்திலிருந்தே ஒன்றாக்கித் தட்டையாக்கிவிடும். படித்தபின் திருப்தி வராமல், இன்னொரு பதிப்பு கிடைக்குமா என்று தேடல் மறுபடி ஆரம்பிக்கும். பசிக்கிறதே என்று அரைவேக்காட்டைச் சாப்பிட்ட கதைதான்.


மழைக்கால வாசகி:

எல்லாருக்கும் நன்றி. கடுங்காப்பி, நீங்கள் சொன்னது சுருக்கென்றது, ஆனால் நியாயம். சரி, படிப்பதை நிறுத்தவேண்டாம், விடிவதை மட்டும் நிறுத்தவேண்டும் என்றால் என்ன செய்வது? போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றச் சொல்கிறார்கள்.


கட்டம் கட்டுபவர் பதில்:

கறுப்பு வெள்ளையில் அச்சான மாங்காவைக் கறுப்பு வெள்ளைத் திரையில் படித்து என்ன மாறிவிடப் போகிறது!

பலன் தருவது, நிறுத்தும் இடத்தை மாற்றுவது. ‘இந்த சாப்டர் முடிந்ததும் தூங்குவேன்’ என்பதைவிட மோசமான உறுதிமொழி கிடையாது. சாப்டர் முடிவைத்தான் நிறுத்தவே முடியாதபடி செதுக்கியிருக்கிறார்கள். வாராந்தர எபிசோட் ஒன்றில் சுமார் 60, 70 கட்டங்கள் இருக்கும். போன வார முடிச்சு முதல் பத்துப் பதினைந்து கட்டங்களுக்குள் அவிழ்ந்துவிடும், பெரும்பாலும் சப்பென்று. அதற்கப்புறம் கொஞ்ச தூரம் சமவெளி: டீ குடிப்பார்கள், உடை மாற்றுவார்கள், தோழி வந்து கிண்டல் செய்வாள். அங்கே மூடுங்கள். அதாவது அடுத்த எபிசோடைத் திறந்து, முடிச்சு அவிழ்ந்ததும் நிறுத்துவது. மாங்கா என்றால் சாப்டருக்கு முப்பது, நாற்பது பக்கம்; எட்டு, பத்துப் பக்கம் உள்ளே போய் நிறுத்தினால் சரியாக இருக்கும்.

கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ஒரு எபிசோடுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் 100 எபிசோட் எட்டு மணி நேரத்துக்கும் மேல். இரவு பத்தரைக்குப் புதுத் தொடர் தொடங்கினால் விடியத்தான் செய்யும். புதுத் தொடரைப் பகலில் தொடங்குங்கள். முதல் இருபது எபிசோடில்தான் இழுவை அதிகம், எல்லாத் தூண்டிலையும் அங்கேதான் போட்டிருப்பார்கள்.

ஆப்பில் மூன்று அமைப்பு. நீள்சுருள் முறையை மாங்காவுக்கு அணைத்துவிடுங்கள். அடுத்த சாப்டரை முன்கூட்டியே இறக்கிவைக்கும் வசதி, தானாக அடுத்ததற்குத் தாவும் வசதி இரண்டையும் எடுத்துவிடுங்கள். நடுவில் இரண்டு மூன்று நொடி வட்டம் சுற்றினாலே மணி பார்க்கத் தோன்றும்.


இடைவெளி பதில்:

தேடலை நிறுத்த: நீங்களே போய்ப் பார்ப்பதை அறிவிப்புக்கு மாற்றுங்கள். புது வெளியீடுகளைக் குறித்துவைக்கிற மங்கா அப்டேட்ஸ் போன்ற தளத்தில் பட்டியல் போட்டு, புதிது வந்தால் தெரிவிக்கிற ஆர்எஸ்எஸ் ஓடை வழியாக வாங்கலாம். வந்தால் மணி அடிக்கும் என்று நம்பிக்கை வந்துவிட்டால் கொத்துவது தானாகக் குறையும். ஆனால் ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனி அறிவிப்பு வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தொகுப்பாகப் பாருங்கள்.


கடுங்காப்பி பதில்:

இன்னொரு காரணத்தை விட்டுவிட்டீர்கள்: காணாமல் போய்விடும் என்ற பயம். இவை அனுமதியில்லாத பிரதிகள். உரிமையாளர் கேட்டால் எடுத்தாக வேண்டும். பழைய பட்டோட்டோ தளம் 2018 ஜனவரியில் மூடியது. காக்காவோ கொடுத்த நெருக்கடிக்குப் பின், மாங்கா படிக்கிற தாச்சியோமி ஆப் 2024 ஜனவரியில் நின்றது. 2025 மே மாதம் மங்காடெக்ஸ் என்ற ஸ்கேன்லேஷன் தளத்திலிருந்து 700க்கும் மேற்பட்ட தொடர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. ‘இன்று படிக்காவிட்டால் நாளை இருக்காது’ என்று தெரிந்தவர் இரவோடிரவாக முடிக்கத்தான் பார்ப்பார். பிடித்த தொடருக்கு அதிகாரபூர்வப் பதிப்பு இருந்தால் ஒரு தொகுதியாவது வாங்கி அலமாரியில் வையுங்கள். அது எங்கும் ஓடிப்போகாது என்பதால் அவசரமும் போய்விடும். ஆசிரியைக்கும் காசு போகும்.


டைப்செட் பூனை பதில்:

இதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க அக்கா. கொரிய ரொமான்ஸ் ஃபேன்டஸி பெரும்பாலும் வெப்நாவல்லேருந்து வர்றது. வெப்டூன் முதல் சீசன் முடிஞ்சு மாசக்கணக்குல லீவு விட்டிருக்கும்போது நாவல் எப்பவோ முடிஞ்சு, கல்யாணத்துக்கு அப்புறமான கிளைக் கதையும் வந்திருக்கும். தொடங்குறதுக்கு முன்னாடி மூலப் பக்கத்துல நாவல் முடிஞ்சதான்னு பாருங்க. முடிஞ்சிருந்தா வெப்டூனும் இடையில அந்தரத்துல விட வாய்ப்பு குறைவு. முடியலைன்னா, ரெண்டு சீசன் சேர்ற வரைக்கும் பட்டியல்ல மட்டும் போட்டு வைங்க. கமெண்ட்ஸ் பக்கம் போகாதீங்க, நாவல் படிச்ச புண்ணியவான் யாராவது மூணாவது வரியிலேயே எல்லாத்தையும் போட்டு உடைச்சிருப்பான்.